கீறலில்லாத உள்ளங்கை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, நடுவில் மடித்து, நடந்து வந்து முனையைக் கைமாற்ற வேண்டும். பதினோரு வருஷமாக எனக்கு எதிர்முனையில் நிற்பவள் மடிப்பு அக்கா. விளிம்பு ஒரு விரல் அளவு கோணினாலும் "பிரி, பிரி" என்று மறுபடியும் உதற வைப்பாள். அதனால் வந்த பெயர். அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் கூடத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

துணி உலர்த்தும் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் காதில் விழாது. முனையைக் கைமாற்ற நெருங்கி வரும்போது ஒரு வாக்கியம், விலகிப் போய் அடுத்த விரிப்போடு வரும்போது இன்னொரு வாக்கியம். அக்காவின் வீட்டுச் சங்கதி எல்லாம் எனக்கு அப்படித் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது.

அவளுடைய முதல் கணவன், மகளுக்கு இரண்டு வயதாகும்போது வீட்டை விட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. நாலு வருஷம் ஒற்றையாளாக அந்தப் பெண்ணை வளர்த்தாள். பிறகு ஒருநாள் அழுக்குத் துணி வண்டியோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். பழுதுபார்க்க வந்த மெக்கானிக் நாற்பது நிமிஷம் கதவிடுக்கு வழியாக அவளிடம் பேசிக்கொண்டே இருந்தாராம். "பயப்படாதீங்க, கயிறு அறுந்து விழறதெல்லாம் சினிமாவுலதான்" என்று அவர் சொன்னதை அக்கா எங்களிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டாள். நாங்கள் அவரை லிஃப்ட்காரர் என்போம். அதிகம் பேசாத மனிதர். மகள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்பான்னு கூப்பிடச் சொல்லக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவருதான் வேணாங்கறாரு. அவளா கூப்பிட்டா கூப்பிடட்டும்னு சொல்றாரு."

மகளை நாங்கள் எல்லாரும் குட்டி என்போம். அவளுக்கு எட்டு வயது நடக்கும்போது முதல் அடி. பள்ளிக்கூட வராந்தாவில் விழுந்து மேல் முன்பல்லின் ஓரம் உடைந்தது. அப்போதுதான் முளைத்து முழுசாக இறங்கியிருந்த பல். பல் டாக்டரம்மா அதே நிறத்தில் ஏதோ பசை வைத்து ஒட்டி, நீல விளக்கு காட்டி இறுகச் செய்து அனுப்பினார். "மேல்பல் கொஞ்சம் முன்னால தூக்கி இருக்கு. உதடு சரியா மூடல. அதனால விழுந்தா முதல்ல அடி வாங்கறது இதுதான். பாத்துக்குங்க" என்றார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழாத குழந்தை உண்டா?

நாலு மாதம் கழித்து, வீட்டு மாடிப்படியில். அக்கா வேலையில் இருந்தாள். லிஃப்ட்காரர் முன்னால் இறங்க, பின்னால் வந்த குழந்தை சத்தமே இல்லாமல் உருண்டு வந்து அவர் காலடியில் விழுந்ததாம். முன்பல் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டன. டாக்டரம்மா அவற்றை இழுத்து நேராக்கி, பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒட்டினார். நாலு வாரம் கஞ்சியும் குழைந்த சோறும்தான். "பல் எப்பவாவது முழுசா வெளிய வந்துட்டா வேரைத் தொடாதீங்க, தேய்ச்சுக் கழுவாதீங்க. பால்ல போட்டு அரைமணிக்குள்ள கொண்டு வாங்க" என்று அப்போதே சொல்லி வைத்தார். லிஃப்ட்காரர் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அவர் தொழில் புத்தி அது. எது கெட்டுப்போனாலும் என்ன செய்வது என்று முன்கூட்டியே சுவரில் இருக்க வேண்டும்.

கம்பியை எடுத்து ஆறு வாரம் இருக்கும். நானும் அக்காவும் ஒரு விரிப்பை உதறிக்கொண்டிருந்தோம். அவள் ஏப்ரனில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள் கையிலிருந்த முனையை அப்படியே கீழே விட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் சுத்தம் செய்த துணியைத் தரையில் விட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"வீட்ல மறுபடியும் விழுந்துட்டாளாம், பல்லு முழுசா வெளிய வந்துருச்சாம். பால்ல போட்டு எடுத்துட்டுப் போறாராம்" என்று சொல்லிவிட்டு ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள்.

அங்கே நடந்ததை அடுத்த நாள் சொன்னாள். பல்லைத் திரும்ப அதன் குழியில் வைத்துக் கம்பி கட்டிய பிறகு டாக்டரம்மா அவளையும் குழந்தையையும் மட்டும் உள்ளே இருக்கச் சொல்லியிருக்கிறார். கதவைச் சாத்திவிட்டுக் குழந்தையின் கைகளைத் திருப்பி உள்ளங்கையைக் காட்டினார்.

"பாருங்க. ஒரு கீறல் இல்ல. முட்டியிலயும் இல்ல. போன தடவையும் இல்ல, எழுதி வெச்சிருக்கேன். விழற குழந்தை கையை முன்னால ஊனும். அது தானா வர்றது. இவ மூணு தடவையும் நேரா மூஞ்சிலதான் அடிபட்டிருக்கா."

"என்ன சொல்ல வர்றீங்க டாக்டர்?"

"சொல்லல, கேக்கறேன். வீட்ல யார் யார் இருக்கீங்க? அடிபட்டப்ப யார் கூட இருந்தாங்க?"

அக்கா பதில் சொன்னபோது டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டாராம். வெளியே பெஞ்சில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ரத்தமும் பாலும்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

விரிப்பின் முனையைக் கைமாற்றும்போது அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நீ என்னடி நெனைக்கறே?"

"ஒண்ணும் இருக்காதுக்கா" என்று நான் சொல்லியிருக்கலாம். அவரை எனக்குத் தெரியும். என் வீட்டுக் குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டு ஒரு டீகூடக் குடிக்காமல் போன மனிதர். ஆனால் ஊரில் கேட்ட கதைகளெல்லாம் அந்த நிமிஷம் என் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டன.

"என்ன இருந்தாலும் பெத்தவர் இல்லையேக்கா" என்றேன்.

அக்கா முனையை வாங்கிக்கொண்டு விலகிப் போனாள். அன்று முழுக்க ஒரு விரிப்பைக்கூட அவள் "பிரி" என்று சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"குட்டி, அம்மாகிட்ட பயப்படாம சொல்லு. எப்படி விழுந்தே?"

"தெரியல."

"யாராவது தள்ளினாங்களா?"

"தெரியல."

"மாமா... மாமா அடிச்சாரா?"

குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் "தெரியலம்மா" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அக்கா அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பாள். ஆமாம் என்றாலும் ஒரு வழி தெரிந்திருக்கும். இந்தத் தெரியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் குளியலறைக்குப் போனால் மகளின் முதுகையும் தொடையையும் தூக்கிப் பார்ப்பாளாம். அவர் குழந்தைக்குச் செருப்பு மாட்டக் குனிந்தால் இவள் பாதி வேலையில் எழுந்து வந்து நிற்பாளாம். நாலாம் நாள் அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக, எங்கள் கூடத்தில் மடிப்பது மாதிரியே விளிம்பு பிசகாமல் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அவர் வேலை முடிந்து வந்து பெட்டியைப் பார்த்தார்.

"எங்க போறே?"

"நான் போகல. நீங்க கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல இருங்க."

அவருக்குப் புரிய நேரமாகவில்லை. டாக்டரம்மா கதவைச் சாத்தியதிலிருந்தே அவருக்குள் ஏதோ உறுத்திக்கொண்டிருந்திருக்கும்.

"குழந்தை சொல்லிச்சா?"

"தெரியலங்கறா."

"தெரியலன்னா தெரியலைன்னுதானே அர்த்தம்?" என்றார். பிறகு, "நான் கை வெக்கல. அவ மேல மட்டுமில்ல, யார் மேலயும். உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும்னுதான் நெனைக்கறேன். ஆனா அவ எம் பொண்ணு. நெனப்ப நம்பி அவளை விட்டுட்டுப் போக முடியல."

அவர் சத்தம் போடவில்லை. பெட்டியையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டார். உள்ளே வரைந்துகொண்டிருந்த குழந்தையிடம் "மாமாக்கு வெளியூர்ல வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வீடு நிம்மதியானதா என்றால் அதுவும் இல்லை. குட்டிக்கு வரவர எதைச் சொன்னாலும் ஏறவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குறிப்பேட்டில் ஆசிரியை மூன்றாவது முறையாக எழுதியிருந்தார்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாடத்தில் கவனம் இல்லை, கனவு காண்கிறாள். அக்காவும் இரண்டு ஷிப்டு களைப்பில் இருந்தாள். வீட்டுப்பாடம் எழுதும்போது மூன்று தடவை கூப்பிட்டும் குழந்தை பென்சிலைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஆத்திரம் வந்து முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். குழந்தை திடுக்கிட்டு, "ஏம்மா அடிக்கறே? நீ கூப்பிடவே இல்லையே" என்று அழுதது. திமிர் என்று இன்னும் ஒன்று கொடுத்தாள்.

அவர் போன ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா ஒற்றையாளாகத் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அடிக்கடி போய்க்கொண்டிருந்தேன். அதில் என் குற்ற உணர்ச்சிக்கும் பங்கு உண்டு. குட்டியின் பல் கம்பியை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டாக்டரம்மா அளவெடுத்துச் செய்து கொடுத்த ரப்பர் உறையை விளையாடும்போது மட்டும் மாட்டுவாள். நான் சாப்பாட்டு மேஜையோரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுப்படி வாசலில் நின்று கைதுடைத்துக்கொண்டிருந்தாள். குட்டி எனக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட நாடகக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"டீச்சர் என்னை மரமா நிக்கச் சொல்றாங்க சித்தி, ஆனா எனக்கு..."

பேச்சு நின்றது. கண் திறந்தேதான் இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. இமைகள் படபடவென்று துடித்தன. டம்ளர் கையிலிருந்து நழுவியது. நூல் அறுந்த பொம்மை மாதிரி இரண்டு முழங்காலும் மடங்க, மேஜை விளிம்பை நோக்கி முகம் நேராக வந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. நான் எட்டி அவள் சட்டைக் காலரையும் முடியையும் சேர்த்துப் பிடித்தேன். பல் தப்பியது. மோவாய் மட்டும் மேஜையில் இடித்தது.

நாலைந்து விநாடி இருக்குமா? குட்டி என் பிடியிலேயே நிமிர்ந்தாள்.

"...எனக்குப் பறவையா வரணும்" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தாள். பிறகு தரையைப் பார்த்து, "தண்ணிய யாரு கொட்டினது?" என்றாள்.

அக்கா ஈரத் தரையிலேயே வந்து உட்கார்ந்தாள். மகளின் கைகளை இழுத்து உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அவள் நிம்மதியாக அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இந்த வீட்ல அவளை அடிச்ச கை ஒண்ணுதான்டி. என்னோடது" என்றாள்.

நரம்பு டாக்டர் குட்டியின் தலை முழுக்க ஒயர் ஒட்டி, காற்றாடியை ஊதுவது மாதிரி விடாமல் ஊதச் சொன்னார். திரையில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் திடீரென்று ரம்பப் பல் மாதிரி எழுந்தன. ஊதிக்கொண்டிருந்த குழந்தை அப்படியே நின்றாள். வலிப்பு என்றால் கைகால் இழுத்து நுரை தள்ளும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். இப்படிச் சத்தமில்லாத வகையும் உண்டு என்றார் அவர். "சில நேரம் நினைவு மட்டும் அணைஞ்சு எரியும். சில நேரம் உடம்பும் சேர்ந்து தளர்ந்துரும். நாளைக்கு இருபது முப்பது தடவைகூட வந்திருக்கலாம். அவளுக்கே தெரியாது." காலையும் மாலையும் மாத்திரை. தண்ணீர்த் தொட்டி, மாடி, சைக்கிள் எதிலும் தனியாக விடக் கூடாது.

பல் டாக்டரம்மாவிடம் அக்கா அந்த அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். "நான் அன்னிக்குக் கேட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு வேற குழந்தை இப்படி வந்தாலும் கேப்பேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா கை ஊனாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்னு அன்னிக்கே எனக்குத் தோணியிருக்கணும். தோணல" என்றார்.

லிஃப்ட்காரரைத் தேடி அக்கா போனபோது அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தார். இவள் தலை மேலே தெரிந்ததும் அவர் முதலில் கேட்டது, "என்ன, மறுபடியும் பல்லா?"

அவள் குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கிரீஸ் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மாத்திரை எத்தனை மணிக்கு?"

"காலைல ஏழு, சாயங்காலம் ஏழு." பிறகு, "என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

"நீ கேட்டதுல எனக்கு வருத்தமில்ல. எந்த அம்மாவும் கேக்கணும். நான் இல்லன்னு சொன்னேன் பாரு, அதுக்கு முன்னாடியே சட்டையெல்லாம் மடிச்சு வெச்சிருந்தியே. அதைத்தான் தாங்க முடியல."

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். ஃபிரிட்ஜ் கதவில் இன்னொரு தாள் ஏறியது. மாத்திரை நேரம், விழுந்தால் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், டாக்டர் எண்.

வந்தாரே தவிர, பழைய ஆளாக வரவில்லை. குட்டியும் அவரும் மட்டும் வீட்டில் இருந்தால் வாசல் கதவை அகலத் திறந்தே வைப்பார். மழைக்காலத்திலும் அப்படித்தான். குளித்துவிட்டு வரும் குழந்தைக்குத் தலை துவட்டி விடுவதை நிறுத்திவிட்டார். அக்கா இருமுறை "ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "காத்து வரட்டுமேன்னுதான்" என்பாராம்.

மாத்திரை ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. முதலில் கொடுத்ததில் குழந்தை நாளெல்லாம் தூங்கி வழிந்தது, மாற்றினார்கள். எட்டு மாதத்தில் விழுவது நின்றது. ஆசிரியை கனவு என்று எழுதுவதும் நின்றது. தூக்கலாக இருந்த பற்களை உள்ளே தள்ள ஒரு கருவி மாட்டினார்கள். ஆனால் பாலில் போட்டுக் கொண்டுபோன அந்தப் பல் மட்டும் சரிப்படவில்லை. அது எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்துப் பல்லும் தாடையும் வளர வளர இது வளராமல் மேலேயே நின்றது. வேரும் உள்ளே கரைந்துகொண்டே வந்தது. குட்டிக்குப் பதினொன்று முடியும்போது டாக்டரம்மா சொல்லிவிட்டார்: இனிமேல் அதை வைத்திருந்தால் தாடை வளர்ச்சி கெடும், மேல்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மாட்டிக் கழற்றும் பல் ஒன்று கொடுக்கலாம், நிலையான பல் எல்லாம் வளர்ச்சி முடிந்த பிறகுதான்.

எடுக்கும் நாளில் அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தொற்று வார்டிலிருந்து மலைபோலத் துணி வந்து குவிந்திருந்தது. எனக்கு வார விடுமுறை. நானும் லிஃப்ட்காரரும் குட்டியைக் கூட்டிக்கொண்டு போனோம்.

கூப்பிட்டதும் அவர் பெஞ்சிலிருந்து எழவில்லை. "நீங்க உள்ள போங்கம்மா. நான் இங்கயே இருக்கேன்" என்றார் என்னிடம்.

மூன்று வருஷமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்ததை அந்த இடத்தில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணே, அன்னிக்கு அக்காகிட்ட நான்தான்..."

"மாமா! நீங்களும் வாங்க" என்று உள்ளேயிருந்து குட்டி கத்தினாள். "சித்தி ஊசியைப் பாத்தா எனக்கு முன்னாடி மயக்கம் போட்டுருவாங்க. அப்புறம் இவங்களை யாரு பிடிக்கறது?"

டாக்டரம்மா சிரித்தார். லிஃப்ட்காரர் தயங்கித் தயங்கி எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தப் போன நர்ஸிடம் "திறந்தே இருக்கட்டும்" என்றார். அவளும் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் கால்மாட்டில் நின்று குட்டியின் ஒரு ஷூவை அவர் கெட்டியாகப் பிடித்திருந்தார். இயந்திரம் உறுமும்போதெல்லாம் அந்தப் பாதம் விறைத்தது, அவர் விரல்கள் இறுகின.

அரைமணியில் முடிந்துவிட்டது. வாயில் பஞ்சோடு வந்த குட்டி என் முன்னால் நின்று, இல்லாத பல்லைக் காட்டுவதற்காக உதட்டைத் தூக்கினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்துச் சிரிக்க முயன்று வலியில் முகம் சுளித்தாள்.

தெருவில் இறங்கியதும் லிஃப்ட்காரர் நினைவு வந்தவராக, "ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே. அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் குட்டியின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நான் அவர்கள் இருவருக்கும் பின்னாலேயே நடந்தேன்.